புதுக் கார்டில் பேர் ஏத்தியாச்சா?

நெட்வொர்க் சரிசெய்கிற தொழிலில், எல்லாம் ஓடும்போது நம்மை யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் ஊருக்கே நம் செல் நம்பர் தெரியும். இதே பிழைப்பில் கிடக்கும் சக பாவிகளே, சிக்கல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பழைய கார்டு

முதல் நாள் இடியில் சங்கத்து லினக்ஸ் கணினியின் நெட்வொர்க் கார்டு கருகிவிட்டது. நான் போன அன்றைக்கோ பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்குப் பதிவு மூடிவிடும். விவசாயிகளில் முத்தம்மா அக்கா மட்டும் பாக்கி. போன வருஷம் மழை ஏமாற்றி, மிளகாய்ச் செடி மொத்தமும் காய்ந்து நஷ்டப்பட்டவர். இந்தத் தடவையும் பதிவு விட்டுப்போனால் கதி அவ்வளவுதான்.

"பழைய கார்டைக் குடுங்க, பாப்போம்" என்று செயலரிடம் கேட்டேன். அக்கா மஞ்சப்பையில் கைவிட்டு ரேஷன் கார்டை நீட்டினார். "பழசைக் கரையான் அரிச்சிருச்சு தம்பி, புதுசுதான் இருக்கு. ஆகுமா?"

பச்சை விளக்கு

புது நெட்வொர்க் கார்டைச் சொருகினேன். பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. ஐபி முகவரி கொடுத்தால், 'ஈத் ஜீரோ' என்ற பேரில் ஒரு கார்டே இங்கே இல்லை என்கிறது கணினி. கேபிளை மாற்றினேன். கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மூன்று முறை அணைத்து எழுப்பினேன். மணி நாலே கால்.

செயலர் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார்: "அதான் வெளக்கு எரியுதுல்ல சார், பெறகென்ன?"

பேர்

நாலே முக்காலுக்கு அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தம்பி சொல்லுது?"

"புதுக் கார்டு உள்ளதான் இருக்குக்கா. ஆனா இல்லைங்குது."

"அட, இதுக்கா இம்புட்டு நேரம்? எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். புதுக் கார்டு வந்துச்சு, மருமக பேரு ஏறல. அப்படி ஒரு ஆளே இல்லைன்னுட்டாக ரேஷன் கடையில. நீங்க பேரை ஏத்துனியளா?"

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. செத்துப்போன கார்டின் 'ஈத் ஜீரோ' என்ற பேரை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, புதுசுக்கு 'ஈத் ஒன்' என்று தானாகவே பேர் வைத்திருந்தது அந்த மிஷின். நானோ இல்லாதவனையே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! கோப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். நெட் வந்தது. ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ரசீதும் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா ரசீதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "எம்பேரு சரியாத்தான ஏறியிருக்கு தம்பி, நீங்க எதுக்கு அழுகுறிய?"

பதினாலு வருஷமாகக் கார்டு மாட்டுகிற நான், இப்போதெல்லாம் மூடியைத் திறக்கும் முன்னே என்னையே கேட்டுக்கொள்வது அந்த ரேஷன் கடைக் கேள்வியைத்தான்.