முனீராவின் இரண்டு கேமராக்கள்

சவூதியின் ஹுஃபூஃப் நகரில் மாப்பிள்ளை யார் என்று விசாரித்து முடித்ததும் அடுத்த கேள்வி, படமெடுக்க யார் வருகிறாள் என்பதுதான். பெண்கள் மண்டபத்தில் கறுப்பு அங்கியான அபாயாவைக் கழற்றிவிட்டு, தலைமுடி புரள ஆடுகிறவர்களைப் படமெடுப்பதென்றால் சும்மாவா? வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ஒரே ஒரு கேமராதான் உள்ளே போகும். எட்டு வருஷமாக அது முனீராவின் கேமரா.

அவள் எடுக்கும் படம் அப்படியொன்றும் பிரமாதமில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் சின்னக் கேமரா, அதோடு வந்த லென்ஸ். மண்டபத்தில் விளக்கைக் குறைத்தால் மணப்பெண்ணின் கன்னத்தில் ரவையைத் தூவியதுபோல் புள்ளி விழும். ஆனாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். காரணம், கிளம்பும்போது அவள் செய்யும் ஒரு காரியம். பெண்ணின் தாயார் கண்ணெதிரே கேமராவின் மூடியைத் திறந்து, மெமரி கார்டை உருவி, அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவாள். பிரதி கிடையாது. தன் வேலை இது என்று காட்ட அவளிடம் ஒரு படம்கூட இல்லை. அந்த மூடிய கைதான் அவளுக்குப் பெயரும் சோறும்.

அந்த ரவைப் புள்ளிகள் மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தன. கடைசியில் கல்யாண வளையல்களை விற்று, தம்மாம் நகருக்குப் போய் ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமராவும், முகத்துக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு லென்ஸும் வாங்கிவிட்டாள். கூடப் போனவள் தர்ஃபா. முனீராவின் சித்தி மகள், இரண்டு வயது சின்னவள், ஆறு வருஷமாக மண்டபம் மண்டபமாக விளக்குப் பிடிக்கிறவள். இதில் இரண்டு கார்டு போடலாம், ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகும் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு ஒன்று போதும் என்றாள் முனீரா. தர்ஃபா மட்டும் அது எப்படி என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் முனீரா பழைய கேமராவைத் தர்ஃபாவின் மடியில் வைத்தாள். "வச்சுக்கடி. விளக்கு பிடிச்சே கிழவியாயிடாத."

தர்ஃபா அழுதுவிட்டாள்.

புதுக் கேமராவில் கன்னம் கன்னமாகவே விழுந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில்கூட இமை மயிரை எண்ணலாம். முனீராவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்நேரமும் லென்ஸ் வழியாகப் பார்ப்பதிலேயே இருந்தாள். பேட்டரி, கார்டு, மெனு எல்லாவற்றையும் தர்ஃபாவிடம் விட்டுவிட்டாள். கூடப் பிறந்தவள் மாதிரி, அவளைப் போய் யார் சோதிப்பார்கள்?

புதுக் கேமராவோடு போன நான்காவது கல்யாணம் உம்மு ராக்கான் வீட்டில், அவள்தான் பெண்ணின் தாயார். முனீரா வழக்கம்போல் கார்டை எடுத்து அந்த அம்மாளின் கையில் வைத்தாள். உம்மு ராக்கான் கையை மூடவில்லை. என் தங்கை மகனிடம் இதே கேமரா இருக்கிறது, இன்னொரு கார்டுக்கும் இடம் உண்டாமே, அதையும் காட்டு என்றாள். காலிதான் அம்மா, பார்த்துக்கொள்ளுங்கள் என்று முனீரா சிரித்தபடியே மூடியை அகலத் திறந்தாள்.

காலியாக இல்லை. உள்ளே ஒரு கார்டு இருந்தது, அதன் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. தன் சாமான் எல்லாவற்றிலும் அப்படிப் புள்ளி வைப்பது தர்ஃபாவின் பழக்கம். அது முனீராவுக்குத் தெரியும், தர்ஃபாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

முனீரா அவளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள். தர்ஃபா குனிந்து விளக்குக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காத்திருப்பே முனீராவுக்கு வினையாக முடிந்தது. திருடி மாட்டிக்கொண்டவள் வாயடைத்து நிற்கிறாள் என்று மண்டபம் முடிவுகட்டிவிட்டது.

"எத்தனை வீட்டுப் பொண்ணுங்கள இப்படிக் கொண்டு போன?" என்று கேட்டாள் உம்மு ராக்கான். அதற்குப் பிறகு முனீரா என்ன சொன்னாலும் எடுபடவில்லை.

காரில் ஏறியதும் முனீரா தர்ஃபாவிடம் கேட்டாள்.

"ஏன்டி?"

"என் வேலைன்னு காட்ட எனக்கு நாலு படம் வேணும்கா. உனக்குப் பேர் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

"சரி, எடுத்த. அங்க வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

தர்ஃபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொல்லியிருந்தா ரெண்டு பேர் பொழப்பும் போயிருக்கும். ஒருத்தியாவது நிக்கணும்ல."

முனீரா வண்டியை ஓரங்கட்டி அவளை இறக்கிவிட்டாள். திட்டக்கூட இல்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

அதன் பிறகு முனீராவை யாரும் கூப்பிடவில்லை. கார்டு தர்ஃபாவுடையது என்று சொன்னதற்கு, சித்தி மகள் மேல் பழிபோட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாள் என்ற பேச்சுதான் மிச்சம். குளிர்காலத்தில் அத்தை பேத்தியின் கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போனாள். வாசலில் போனை வாங்கினார்கள், சரி. அவள் கைப்பையை மட்டும் இரண்டு தடவை குடைந்தார்கள்.

உள்ளே படமெடுத்துக்கொண்டிருந்தவள் தர்ஃபா. கையில் அந்தப் பழைய சின்னக் கேமரா.

விருந்து முடிந்து, உறவுக்காரர்கள் மட்டும் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். தர்ஃபா பெண்ணின் தாயார் முன்னால் வந்து நின்றாள். "நல்லாப் பாத்துக்கங்கம்மா, இதுல ஒரு கார்டுக்குத்தான் இடம்" என்று சொல்லி மூடியைத் திறந்தாள். கார்டை உருவி, அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

கேமரா முனீரா கொடுத்ததுதான், அது போகட்டும். விரலை மூடுவதையுமா எடுத்துக்கொள்வாள் என்று நினைத்து முனீரா காப்பியைக் கீழே வைத்தாள். அந்தத் தாயார் தர்ஃபாவை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள்.