மூடியைத் திறக்காதே என்றால் திறக்காதே

சித்திரை வெயில் ஏறினால் எங்கள் கொல்லைத் தக்காளிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதுவரை தினம் நாலு, ஐந்து என்று பழுத்த செடிகள், சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் இருப்பதையெல்லாம் ஒரே வாரத்தில் பழுக்கவைத்துக் கொட்டும். தாராசுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் எல்லார் கொல்லையிலும் இதே கதைதான். யாருக்காவது கொடுக்கலாம் என்று ஒரு பையோடு போனால், இரண்டு பையோடு திருப்பி அனுப்புவார்கள். ரசம், சட்னி, சாம்பார், மறுபடி ரசம். மிச்சம் ஆட்டுக்கு. ஒரு கட்டத்தில் ஆடே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்கு எரியும். அவருக்கு அந்த இடத்தில் சிமென்ட் களம் வேண்டும். குறுவை அறுப்பு மழையில் மாட்டும். நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். காயப்போட இடம் இல்லாமல் மெயின் ரோட்டில் கொட்டி, போகிற பஸ்காரர்களிடமெல்லாம் திட்டு வாங்குவார்.

"நெல்லு ரோட்டுல கெடக்கு, தக்காளி கொல்லையில அழுவுது. இது என்ன வெவசாயம்? நான் கொத்தனார்கிட்ட பேசிட்டேன்" என்றார் ஒரு நாள் சாப்பாட்டின்போது.

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இந்த வீட்ல யாரையும் கேக்காம நான் செய்யுற எடம் அது ஒண்ணுதான். அதையும் பூசிருங்க" என்றாள். சத்தமே இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

நான் அப்போது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் தோட்டக் காய்களைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, கொதிநீரில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, வருஷக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு போதும். ஓவர் கான்ஃபிடன்ஸில் வாயைவிட்டேன்.

"அப்பா, மிச்சத்த நான் பாட்டில்ல அடைக்கிறேன். கெட்டே போவாது. வேஸ்ட்டே ஆவலன்னா களம் வேணாம்ல?"

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. குறுவை நடவு முடியுற வரைக்கும் அது நிக்கட்டும். நின்னுச்சுன்னா கொல்லைய தொட மாட்டேன். கெட்டுச்சுன்னா மறுநாளே கொத்தனாரு வருவாரு. அப்ப ஆத்தாளும் மவளும் மூஞ்சிய தூக்கக் கூடாது."

கும்பகோணம் போய்ப் புது மூடியுள்ள பாட்டில்கள் வாங்கி வந்தேன். அக்னி நட்சத்திரத்தில் அடுப்படியில் நின்று தக்காளி வேகவைப்பது என்றால் என்ன என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, நறுக்கி, வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து, சூடாக பாட்டிலில் ஊற்றி, பெரிய அண்டாவின் அடியில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் பாட்டில்களை நிற்கவைத்து முக்கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். முதல் பாட்டிலைச் சூடு செய்யாமல் அதில் அப்படியே ஊற்றினேன். அடி தனியாகக் கழன்று விழுந்தது. அம்மா பின்னால் நின்று கமென்ட்ரி கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"உப்பு?"

"வேணாம்மா."

"மொளவா?"

"வேணாம்."

"எண்ணெ ஒரு கரண்டி?"

"வேணாம்னு சொல்றேன்ல!"

"உப்பில்ல, ஒறப்பில்ல, எண்ணெயில்ல. எது காப்பாத்தும் அத?"

"காத்து உள்ள போவாதும்மா. அதான் காப்பாத்தும். மூடிய தெறக்காத வரைக்கும் ஒண்ணும் ஆவாது. தெறக்கவே கூடாது. புரியுதா?"

"புரியுது, புரியுது" என்றாள். அந்த இரண்டாவது 'புரியுது'விலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆறும்போது மூடிகள் ஒவ்வொன்றாக உள்வாங்கி 'டக்' என்று சத்தம் கொடுத்தன. அப்பாகூட வந்து ஒரு மூடியைத் தட்டிப்பார்த்துவிட்டுப் போனார். ஸ்டோர் ரூம் அலமாரியில் வரிசையாக அடுக்கி செல்ஃபி எடுத்தேன்.

மறுநாள் எனக்குப் பீரியட்ஸ். எங்கள் வீட்டில் இதற்கென்று ஒதுக்கி உட்காரவைப்பதெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. ஒரே ஒரு விதியை மட்டும் அம்மா விடமாட்டாள்: ஊறுகாய் ஜாடி இருக்கும் பக்கம் போகக் கூடாது. ஜாடி இருப்பது ஸ்டோர் ரூமில். என் பாட்டில்கள் இருப்பதும் அங்கேதான்.

"இது ஊறுகாயே இல்லம்மா! சீல் பண்ணுன பாட்டில்!"

"ஏதோ ஒண்ணு. மூணு நாளு அந்தப் பக்கம் போவாத. நான் பாத்துக்கிறேன்."

கெமிஸ்ட்ரி படித்தவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? கத்தினேன். அவள் அசையவில்லை. சரி, போ, எனக்கென்ன என்று ரூமுக்குள் போய் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். திறக்காமல் வைத்திருக்கும் பாட்டிலில் 'பார்த்துக்கொள்ள' என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, துணி உலர்த்த மாடிக்குப் போனேன். என் பாட்டில்கள் அத்தனையும் கைப்பிடிச் சுவரோரம் வெயிலில் நின்றன. மூடி ஒன்றிலும் இல்லை. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி, நூல் போட்டு அழகாகக் கட்டியிருந்தது. அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, ஒன்றை அவிழ்த்து மரக்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

"கத்தாதடி, இப்பத்தான் தெறந்தேன். வச்சது வச்சபடியே கெடந்தா புழுங்கிப் போவாதா? நாலு வெயிலு பாக்கணும், கிளறி விடணும். மாங்கா ஊறுகா என்ன சும்மாவா நிக்குது? சும்மா சொல்லக் கூடாது, உன் மூடி ரொம்ப டைட்டு. கத்தி விட்டு நெம்புனாத்தான் வருது."

கத்தி. நெம்பி. ஒரு தரம் கழற்றிய மூடி மறுபடி பிடிக்காது. புது மூடி வேண்டுமென்றால் மறுபடி கும்பகோணம். அதற்குள் இந்த வெயிலில் எல்லாம் நுரைத்துவிடும். நான் தரையில் உட்கார்ந்து, என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. கடைசியில், "உன் கொல்லைய காப்பாத்தத்தாம்மா இவ்ளோ பண்ணுனேன். நீயே கத்தியால நெம்பிட்ட" என்றேன்.

அப்போதுதான் அவள் கரண்டி நின்றது. பாட்டில்களைப் பார்த்தாள். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்புறம் துணிகளை அவிழ்த்து, எல்லாவற்றையும் வாளியில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கீழே போனாள்.

அன்று முழுக்க வீட்டில் நல்லெண்ணெய் வாசனை. உருளியில் தக்காளி சுண்டச் சுண்டக் கிளறினாள். மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம். என் பாட்டில்களிலேயே தொக்காக நிரப்பி, அதே அலமாரியில் அதே வரிசையில் வைத்தாள். மூடி பெயருக்கு மூடியிருந்தது.

அப்பா பார்த்துவிட்டு, "அன்னிக்கு செவப்பா இருந்துச்சு, இன்னிக்கு கருத்துக் கெடக்கு?" என்றார்.

"கெடலல்ல? நடவு வரைக்கும் நிக்கும். நீங்க சொன்னது அதானே?" என்றாள் அம்மா.

"இது தொக்குடி! பாட்டில்ல அடைக்கிறேன்னுதானே உன் மவ சொன்னா?"

"பாட்டில்லதான இருக்கு?"

தொக்கு நிற்கும்தான். யாரும் தொடாமல் இருந்தால். தயிர்சாதத்துக்குத் தினம் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டவர் அப்பா. வயலுக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டிலும் அது இல்லாவிட்டால் போன் வரும். வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு முடிந்த அன்று அலமாரியில் காலி பாட்டில்கள் மட்டும் இருந்தன. கடைசி பாட்டிலை இட்லியால் துடைத்துத் தின்றதும் அவர்தான்.

அன்று சாயங்காலம் கொத்தனார் போன் செய்தார். அப்பா கொல்லையில் நின்று ஸ்பீக்கரில் பேசினார்.

"நாளைக்கு வந்து அளந்துரவாங்க?"

அப்பா காய்ந்த தக்காளிச் செடி ஒன்றைப் பிடுங்கிப் போட்டார். "இப்ப வேணாம்ப்பா."

"ஏங்க, வேற ஆளு பாத்துட்டீங்களா?"

"அதெல்லாம் இல்ல. வீட்ல தொக்கு தீந்துபோச்சு. மறுபடி தக்காளி போடணும்."

கொத்தனாருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அம்மா துணி துவைக்கிற கல்லருகிலிருந்து குரல் கொடுத்தாள். "நெல்ல இந்த வருசமும் ரோட்டுலயா கொட்டுவீங்க? பாதி எடத்துல பூசிக்கங்க. கெழக்கால பாதி எனக்கு."

"கெழக்கால எப்புடி? அங்கதான் நாள் பூரா வெயிலு."

"தக்காளிக்கும் வெயிலு வேணும்."

"நெல்லுக்கு வேணாமா?"

போனை கட் பண்ணாமலேயே இரண்டு பேரும் வேலியோரம் நின்று எந்த மூலையில் எத்தனை மணிக்கு நிழல் விழுகிறது என்று கை நீட்டிச் சண்டை போட்டார்கள். கொத்தனார், "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கெமிஸ்ட்ரி படித்த என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.