பூவுக்கு அடியில் விட்ட பள்ளம்

சுமதி ஒளிந்திருந்த வீட்டை அவள் கணவனுக்குக் காட்டிக்கொடுத்தவள் நான்தான். வாயால் சொல்லவில்லை... என் கையால் செய்த ஒரு வாழ்த்து அட்டையால்!

மலாக்காவின் பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் சுமதியும் நானும் அருகருகே நின்று வேலை பார்ப்பவர்கள். அடி தாங்காமல் சுமதி, பெம்பான் ஊரில் இருந்த கணவன் வீட்டைவிட்டு மகள் யாழினியோடு ஓடிவந்து, ஓர் அடுக்குமாடியில் அறை எடுத்திருந்தாள். அந்த இடம் அவள் அண்ணனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலாக்கா பாசாரில், சந்தைக் கூட்டத்தில், நான் வாழ்த்து அட்டைகள் விற்பேன். வண்ணத்தாளில் இதழ் வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டி, பூ எழும்பி நிற்கும்படி செய்வது என் வழக்கம். அங்கேதான் சுமதியின் கணவன், நான் அவளுடைய தோழி என்று தெரிந்து, என்னைத் தேடி வந்தான்.

"பிள்ளைக்கு ஏழாவது பொறந்த நாளு, அக்கா. அட்ரஸ் கேக்கமாட்டேன், சத்தியமா. நீங்களே குடுத்துடுங்க லா."

அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "பூ நல்லா உயரமா இருக்கட்டும். அடியில கொஞ்சம் பள்ளம் விடுங்க, செயின்ல மாட்டுற குட்டி பெண்டன் வைக்கணும். மேல் பூவ நானே ஒட்டிக்கிறேன்."

பெற்றவன்தானே என்று இரங்கினேனா? இல்லை... "இப்படி வேலை மலாக்காவுலயே யாரும் செய்யமாட்டாங்கக்கா" என்றான். அதில்தான் மயங்கினேன்!

ஐந்து அடுக்குச் செம்பருத்தி. அதன் அடியில், ஐம்பது சென் காசைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டப் பள்ளம். அதை வெட்டியவை இந்த விரல்கள்தான்.

அட்டையை வாங்கிப்போனவன், அடுத்த ஞாயிறு மேல் பூவை ஒட்டி எடுத்துவந்து தந்தான். சுமதி வீட்டுக்குப் போகும் வழியில் என் கைப்பேசி ஒலித்தது. இடத்தைக் காட்டும் ஏதோ ஒரு கருவி என்னோடு நகர்ந்து வருவதாக எச்சரிக்கை! மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டினேன். பூவை அழுத்தினேன். உள்ளே வட்டமாக, கடினமாக ஒன்று. அட்டையைத் திறந்தேன். மகளுக்கு அவன் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை...

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பிய்த்து எறிந்திருக்கலாம். ஆனால் அவனோடு பேசியதை, அவனுக்காக வேலை செய்ததைச் சுமதியிடம் சொல்ல வேண்டியிருக்குமே! பெண்டன்தான், பெண்டனாகத்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, எச்சரிக்கையைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டேன்.

கணவனுக்குப் பயந்து சுமதி பழைய பொத்தான் கைப்பேசிதான் வைத்திருந்தாள். அது இப்படி எச்சரிக்கை எதையும் சொல்லாது. 'நானே செய்தது' என்று சொல்லி அட்டையை யாழினியிடம் நீட்டினேன்.

"ஆன்ட்டி, பூ எந்திரிச்சு நிக்குது!" என்று குதித்தாள் குழந்தை.

மூன்றாம் நாள் அவன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனான். பக்கத்து வீட்டார் வந்து பிடிப்பதற்குள் சுமதியின் வலது கை முறிந்துவிட்டது. யாழினி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் சுமதி என் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அண்ணன்தான் சொல்லியிருக்கான். இனிமே அவன் மூஞ்சில முழிக்கமாட்டேன். எனக்கு நீங்க மட்டும்தான்கா."

மாற்றுத்துணி எடுத்துவருகிறேன் என்று அவள் அறைக்குப் போய், அட்டையைக் கிழித்து, உள்ளே இருந்த, இடம் காட்டும் வெள்ளை வில்லையைச் சாக்கடையில் போட்டேன். அவன் எப்படி இடத்தைக் கண்டுபிடித்தான் என்பதற்குப் போலீசுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே தடயம் அது... அதையும் அழித்தவள் நான்!

ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி: "ரொம்ப நன்றிக்கா. அடுத்த பொறந்த நாளுக்கும் உங்க கார்டுதான்."

யாரிடம் காட்டுவேன்? காட்டினால், எதற்கு நன்றி என்று கேட்பார்களே! அழித்துவிட்டேன். இப்போது பாசாருக்குப் போவதில்லை. வாசலில் மோட்டார் நின்றால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று இடைவேளையில், கை குணமாகி வேலைக்குத் திரும்பிய சுமதி என் காதோரம் குனிந்தாள். வேண்டாம், சொல்லாதே என்று கத்தத் தோன்றியது. அதற்குள் புது வீட்டு முகவரியைச் சொல்லி முடித்துவிட்டாள்.

"அண்ணனுக்குக்கூட தெரியாதுக்கா. உங்களுக்கு மட்டும்தான்."

நான் தலையாட்டினேன்.