யூதாஸ் டப்பிங் பேச வரவில்லை

மூன்று வருடங்களுக்கு முந்தைய தவக்காலம் அது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில், இயேசு சிலுவை வரை பட்ட பாடுகளைப் படமாக எடுத்திருந்தார்கள். எடிட்டிங் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. மாப்பிள்ளை முறைத்த இடத்தை வெட்டிவிட்டுச் சிரித்த இடத்தை ஒட்டத் தெரியும். வேதமெல்லாம் தெரியாது, எங்கள் வீட்டில் கும்பிடுவது அம்மனை.

வருடா வருடம் பெரிய வெள்ளியன்று அந்த ஊரில் நாடகம்தான் போடுவார்களாம். ஆனால் நடிக்கிறவர்கள் எல்லோருக்கும் இப்போது கம்பெனி வேலை. இயேசுவுக்கு ஏ ஷிப்ட் என்றால் பிலாத்துவுக்கு பி ஷிப்ட். எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பதாவது! அதனால், யாருக்கு எப்போது ஓய்வோ அப்போது துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று படத்தில் இறங்கிவிட்டார்கள். விசாரணைக் காட்சியில் இயேசுவும் பிலாத்துவும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது, நான்தான் பார்க்க வைத்தேன். கடைசி விருந்தை இரண்டு ஞாயிறு எடுத்ததில், ஒரே சீடர் மேசையின் இரண்டு முனையிலும் உட்கார்ந்திருந்தார். ரோமப் போர்வீரர்கள் காலில் சேஃப்டி ஷூ. கழற்றத் தோன்றவில்லையாம், பழக்க தோஷம்.

இதையெல்லாம்கூட ஒப்பேற்றிவிட்டேன். சத்தத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. எந்த வசனத்தைத் தொட்டாலும் பின்னால் கன்டெய்னர் லாரியின் ஹாரன். வேறு வழியில்லாமல் எல்லோரையும் மறுபடி டப்பிங் பேச வைத்தோம். மாதா கோயில் தேர் நிற்கிற கொட்டகையில் சுற்றிலும் மெத்தைகளைச் சாத்தி, ரோட்டில் லாரி ஓய்கிற இடைவெளியில் பதிவு செய்தோம். பெரிய வெள்ளி வருகிற பரிசுத்த வாரம் தொடங்கும்போது எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள், யூதாஸைத் தவிர. வெள்ளிக்கிழமை படம் போட்டாக வேண்டும், அந்த ஆளோ போனையே எடுக்கவில்லை.

படத்தை இயக்கியவர் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். "வேற வாய்ஸ் போட்டுடலாம் மேடம்" என்றார். போட்டுப் பார்த்தோம். குரல் கொடுத்தவர் கல்யாணப் பந்திக்கு ஆள் கூப்பிடுவது மாதிரி பேசினார். "அப்ப அந்த சீனையே தூக்கிடுங்க" என்றதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மொத்தப் படத்திலும் நடிப்பு என்று சொல்லிக்கொள்ள இருந்ததே அது ஒன்றுதான். குருவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மதில் ஓரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுகிற காட்சி. இவருக்கு அப்படி என்ன கிராக்கி, நானே போய் இழுத்துவருகிறேன் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன்.

அவர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் படுத்திருந்தார். அவர் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இன்னாக்கா, வாய்ஸா? அதெல்லாம் பேச மாட்டாரு."

ஏன் என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார். கணவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கூட வேலை பார்த்த ஒருவர் சங்கம் அமைக்க ஆள் சேர்க்கிறார் என்று யாரோ மேலிடத்தில் சொல்லிவிட, அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். யார் சொன்னது என்று தெரியாது. 'நம்ம யூதாஸ்தான் சொல்லியிருப்பான்' என்று எவனோ விளையாட்டுக்குச் சொல்லப்போக, கொஞ்ச நாளில் எல்லோரும் அதையே நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

"'நான்தான் காட்டிக்குடுத்தேன்'னு இவரு வாயாலயே பேசிக் குடுத்தா, அத்த மட்டும் கட் பண்ணி வாட்ஸ்அப்ல சுத்த வுட மாட்டானுங்களா? இப்பவே கேன்டீன்ல பக்கத்துல ஒருத்தனும் குந்தறதில்ல. வூட்லயும் பேசறதில்ல, சரியா துன்றதில்ல. இவரத் தனியா வுட்டுட்டு டூட்டிக்குப் போகவே எனக்கு பயமா கீதுக்கா."

நான் வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன், இவர் புருஷனின் உயிரை எண்ணிக்கொண்டு நிற்கிறார். திரும்பிவிடலாம் என்று கிளம்பியபோது அவரே கேட்டார்: "அவரு நடிச்சது அதுல கீதா? காட்டு, பாக்கறேன்."

வாசற்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டினேன். சேஃப்டி ஷூவைப் பார்த்து லேசாகச் சிரித்தவர், அழுகைக் காட்சி வந்ததும் அப்படியே குனிந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டார். "கல்யாணமாகி இத்தினி வருசத்துல இவரு அழுது நான் பாத்ததேயில்லக்கா" என்றார். அடுத்து மரக்கிளையில் தொங்கும் வெறும் கயிறு வந்தது. கையால் திரையை மூடிவிட்டார்.

"இது வேணாம்."

"யூதாஸ் தூக்குப் போட்டுக்கிறதுதானேம்மா கதை?"

"தெரியும்க்கா, நானும் ஞானஸ்நானம் வாங்கினவதான். அந்த யூதாஸுக்கு வூடுன்னு ஒண்ணு இருந்து, ஒருத்தி 'வா, வந்து சாப்டு'ன்னு கூப்ட்டிருந்தா, கயித்தத் தேடிக்கினு போயிருப்பானா?"

கயிற்றை எடுத்துவிடுகிறேன் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன். அவர் உள்ளே போய்க் கணவரை எழுப்பிப் பேசிவிட்டு வந்து, "நாளைக்கு வர்றோம்க்கா" என்றார். அன்று மாலை சூப்பர்வைசர்தான் மல்லுக்கு நின்றார், "வேதத்துல கீறத எப்டி மேடம் மாத்தறது?" என்று. மாற்றவில்லை சார், காட்டவில்லை, அவ்வளவுதான் என்றேன். கல்யாண வீடியோவில் பாதி வேலையே அதுதானே.

மறுநாள் மதியம் இருவரும் கொட்டகைக்கு வந்தார்கள். மைக் முன்னால் அவர் இரண்டு முறை தொடங்கி நிறுத்தினார். மனைவி பக்கத்தில் வந்து முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். "கட் பண்றவன் பண்ணிக்கட்டும்க்கா. நான் செய்யல, அது எனக்குத் தெரியும்" என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த லாரி வருவதற்குள் அந்த வசனத்தைப் பேசி முடித்தார். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த நான் பதிவை நிறுத்த மறந்து அழுதுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போதுதான் படம் முழுசாகத் தயாரானது. மைதானத்தில் திரை கட்டி ஓட்டினோம். இரண்டு முனைச் சீடரைப் பார்த்து ஊரே சிரித்தது. யூதாஸ் அழுதபோது அதே ஊர் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

படம் முடிந்து கஞ்சி ஊற்றினார்கள். யூதாஸாக நடித்தவரும் மனைவியும் ஒதுங்கி நின்றார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் இரண்டு டம்ளர் கஞ்சியோடு அவர்களை நோக்கி நடந்தார். வேலை போன ஆள் அவர்தான், பக்கத்து ஊர்க்காரர் என்று சூப்பர்வைசர் என் காதில் சொன்னார். பக்கத்தில் போய்விட்டேன், ஏதாவது ஆனால் நடுவில் நிற்கலாம் என்று.

அவர் ஒரு டம்ளரை நீட்டினார். "நீ சொன்னியா இல்லியான்னு எனக்கு இன்னும் தெரியாது மச்சான். அது கெடக்குது. ஆறிடப் போவுது, குடி."

இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் மதில் ஓரம் பக்கத்தில் பக்கத்தில் குந்திக் குடித்தார்கள். யார் சொன்னது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. யார் மேலாவது வருத்தம் என்றால், உண்மை தெரியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வருடக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தவள் நான். இப்போதெல்லாம் முதலில் சாப்பிடக் கூப்பிட்டுவிடுகிறேன், உண்மை வருகிறபோது வரட்டும்.