எட்டாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரை

2019 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்து செபமாலை சொன்னேன். ஐந்தரைக்குப் பால் சங்கம். அங்கே பதிவேடு எழுதுவது என் வேலை. எட்டு பத்துக்கு நானும் என் கணவர் ஆரோக்கியமும் காமயகவுண்டன்பட்டியில் பஸ் ஏறினோம். தேனியில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்போம், இல்லையென்றால் மதுரையில் டெஸ்ட் டியூப்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஒரே செபம்தான்: "ஆண்டவரே, என்ன குறை என்று எனக்குக் காட்டும்." எனக்கு நம்பிக்கை தீர்ந்துகொண்டிருந்தது.

டாக்டரிடம் போகுமுன் ஒரு நர்ஸ் விவரம் எழுதினார். கோம்பை ஊர்க்காரர், நெற்றி நிறைய விபூதி.

"மாசத்துல எந்த நாள்ல கரு தங்கும்னு தெரியுமா தாயி?"

"தூரமாகுறதுக்கு முந்தின வாரம்க்கா."

"யாரு சொன்னாக?"

"எல்லாரும் சொல்றாக."

அவர் சிரித்துவிட்டு என் டைரியை வாங்கினார். மாதவிலக்குத் தேதிகளோடு "ந.1" முதல் "ந.9" வரை குறித்திருந்தேன். என்னவென்று கேட்டார். மாதாவுக்கு நேர்ந்த நவநாள் விரதம், குளித்துச் சுத்தமானதும் தொடங்குவேன், ஒன்பது நாளும் தனிப் பாய் என்றேன். அந்த மாத நவநாள் ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்திருந்தது. அவர் விரல் விட்டு எண்ணினார்.

"எட்டாம் நாள்லருந்து பதினாறாம் நாள் வரைக்கும். எத்தன வருசமா?"

"ஆறு வருசம். ஒரு மாசம்கூட விட்டதில்ல." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அடி ஆத்தா! சாமிகிட்டப் பிள்ளையக் கேட்டுப்புட்டு, அவரு குடுக்க வர்ற நாளாப் பாத்துக் கதவச் சாத்திக்கிறீகளே!"

எனக்கு இருபத்தெட்டு நாள் சுற்று. ஏறக்குறைய பதினாலாம் நாள் கருமுட்டை வெளிவரும், அன்றும் அதற்கு முந்தின ஐந்தாறு நாளும்தான் கரு தங்கும் நாட்கள் என்று விளக்கினார். முட்டை வெள்ளைக்கரு போல நீர் படுவதுதான் அடையாளமாம். அது எனக்கு வருவது தெரியும். நோய் என்று நினைத்திருந்தேன்.

ஊரில் எந்த மாடு என்றைக்குச் சினைக்குக் கத்தியது, எத்தனை மணிக்குச் சினை ஊசி போட்டது என்பதெல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. காலையில் கத்தினால் சாயங்காலத்துக்குள் ஊசி போட வேண்டும் என்று ஊருக்கே சொல்கிறவள் நான். என் உடம்பைப் பற்றித் தெரியவில்லை. வெளியே வந்து பெஞ்சில் இருந்த நான்கு பெண்களைக் கேட்டேன். எல்லோரும் வருடக்கணக்கில் வைத்தியம் பார்க்கிறவர்கள். மூன்று பேர் என்னைப் போலவே சொன்னார்கள். ஒருத்தி, "தலைக்கு ஊத்துன மறுநாள்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அழுதேன். நேர்ந்ததை நிறுத்தினால் பாவம் அல்லவா? என் கணவர் சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "மாதா கோவிச்சுக்க மாட்டாக. அவுகளும் ஒரு தாயிதான."

விரதத்தை நிறுத்தினேன். செபத்தை நிறுத்தவில்லை. டாக்டர் எழுதிய தைராய்டு மாத்திரையையும் தவறாமல் சாப்பிட்டேன். நான்காவது மாதம் நாள் தள்ளியது. அக்டோபர் 23, புதன்கிழமை, சோதனையில் இரண்டு கோடு. 2020 ஜூன் 17 அன்று மகள் பிறந்தாள்.

எல்லோருக்கும் நாள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், குறையைக் காட்டும் என்று கேட்டேன், அன்றைக்கே காட்டினார். சங்கத்துக்குப் பால் ஊற்ற வரும் பெண்கள் குழந்தைக்கு ஏங்கினால், அந்த நர்ஸ் கேட்ட கேள்வியைத்தான் இப்போது முதலில் கேட்கிறேன். சகோதரிகளே, நம்பிக் கேளுங்கள். பதில் விபூதி பூசிக்கொண்டும் வரும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. சோதனை செய்த மறுநாள், 24-ம் தேதி, நாலே முக்காலுக்கு எழுந்ததும் முதல் வேலையாக நவநாளைத் திரும்பத் தொடங்கினேன். என் கணவரும் பக்கத்தில் முழங்காலிட்டார். கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால் செபம் சீக்கிரமே முடிந்துவிட்டது.