விரலைத் தூக்காதீர்கள்

"வாயால கேளுபா. விரலத் தூக்காத," என்று டீக்கடையில் பக்கத்து ஆளின் கையைப் பிடித்து இறக்குவார் சிவராஜ். அந்த ஆள் கேட்டது ஒரு டீ. அதற்குள் சிவராஜின் வலது கை பெஞ்சில் முழங்கி முடித்திருக்கும். கடைக்காரர் அவர் வரும்போதே கண்ணாடி டம்ளர்களைத் தள்ளி வைத்துவிடுவார்.

சிவராஜ் தவில்காரர். இருபத்தாறு வருடமாகக் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறார். தாலி கட்டும் நேரத்தில் யாராவது விரலை ஆட்டினால் தும்மல் மாதிரி அபசகுனச் சத்தம் எதுவும் கேட்காதபடி கெட்டிமேளம் கொட்ட வேண்டும். அது யார் விரல், எதற்கு என்று அவருடைய கை விசாரிப்பதில்லை. டிவியில் அம்பயர் விரலைத் தூக்கினால் சோற்றுத் தட்டு அதிரும். மகள் ஜீவிதாவின் டீச்சர், "ஒரே பாடத்துலதான் ஃபெயில்" என்று விரல் காட்டியபோது மேசையில் மங்கலமாகக் கொட்டிவிட்டார். அடுத்த முறை ஜீவிதா அம்மாவைத்தான் கூட்டிப்போனாள்.

"ஏழு வருஷம் குருநாதர் வீட்ல கெடந்தது மண்டபத்துல சாம்பார் வாசன புடிக்கவா?" என்பார். ஓர் இசைப்பள்ளியில் தவில் ஆசிரியர் வேலை வேண்டும் அவருக்கு. போன வருடத் தேர்வில் மிஸ்ர சாபு தாளத்தில் அழகாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு நிமிஷம்" என்று நடுவர் விரல் காட்டினார். அடுத்த கணம் நடுவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

வயது வரம்பின்படி இந்த வருடம்தான் கடைசி. மனைவி தேவகி பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவர் சாதகம் செய்யும்போது எதிரில் வந்து விரலைத் தூக்குவாள். கை தாவினால் கரண்டியால் முட்டியில் ஒன்று. "வெறும் விரலுபா. தாலியா தெரியுது?" நாற்பது நாளில் கை அடங்கிவிட்டது. டீக்கடைக்காரரே வந்து விரலை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தேர்வுக்கு முதல் நாள் காலை பிள்ளையார்பாளையத்தில் கல்யாணம். மணப்பெண் சந்தியா, தேவகியின் சித்தப்பா மகள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். பெண்ணின் மாமா விரலை ஆட்டினார்.

சிவராஜின் கை அசையவில்லை. முதலில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாமா இரண்டு கைகளையும் ஆட்டினார். பக்கத்தில் நாதஸ்வரம் வேலாயுதம் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். "யோவ், தூங்கிக்கினு கீறியா? அடிய்யா!" மண்டபம் முழுக்க விரல்கள். மாப்பிள்ளையின் கை கழுத்தருகே நின்றது. மூன்றாவது வரிசையில் ஒருவர் தும்முவதற்காக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

இன்று ஒருமுறை தாவினால் நாளைக்கும் கை தாவும். சிவராஜ் தேவகியைப் பார்த்தார்.

தேவகி குனிந்திருந்த சந்தியாவைப் பார்த்தாள், தும்மப்போகிறவரைப் பார்த்தாள்.

"நாளைக்கத நாளைக்குப் பாத்துக்கலாம், அடிபா!"

சொல்லிவிட்டு, அடங்கிப்போன கையை எழுப்ப, மணமக்களுக்காக வைத்திருந்த அட்சதை முழுவதையும் ஓங்கிக் கணவர் முகத்தில் எறிந்தாள்.