பச்சைத் துணிக்கு அடியில் ஒரு பேரம்

தெய்வசிகாமணிக்கு வாய் ஓயாது. மதகடிப்பட்டுச் சந்தையில் முப்பது வருஷமாக மாட்டுத் தரகு. உழவர்கரை வீட்டில் சோறு தொண்டையில் இறங்கும்போதும் பேசுவார், தூக்கத்திலும் பேசுவார் என்பது மனைவி வசந்தாவின் புகார். அப்படிப்பட்ட மனிதரின் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு மாஸ்க்கால் மூடினால் என்ன செய்வார்? பேசுவதற்காக அதைப் பிடுங்குவார். பிடுங்கினார்.

தப்பு அவருடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் வசந்தா தன் கிட்னி ஒன்றை அவருக்குக் கொடுத்தாள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை. அந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். கூட்டத்துக்கும் தூசிக்கும் போகாதீர்கள் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். இவரோ லாஸ்பேட்டையில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிச் சந்தைக்குப் போய், ஒரு ஜோடி காளையைப் பேசி முடித்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை நிமோனியா. மூச்சு வாங்க வாங்க ஐ.சி.யூ.வில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

"சட்டையில சாணி நாத்தம் அடிக்கும்போதே தெரியும். உள்ள இருக்கிற கிட்னி என் பொருளு. உங்ககிட்ட குடுத்து வச்சிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்" என்று கட்டிலருகே நின்று வசந்தா பொரிந்து தள்ளினாள்.

டாக்டர் கோபிநாத் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். "மெஷின் அந்த மாஸ்க் வழியா காத்த உள்ள தள்ளுது. அவருக்கு மூச்சு விடற வேலை கொறையும், அதுக்குள்ள மருந்து புடிச்சிக்கும். அடிக்கடி கழட்டினாருன்னா தொண்டையில குழாய் விட்டுத்தான் ஆகணும். எதிர்ப்பு சக்தி இல்லாத ஒடம்பு. குழாய் வழியா இன்னொரு கிருமி ஏறிட்டா ரொம்ப கஷ்டம்மா."

வசந்தா நேரே கட்டிலருகே திரும்பி வந்தாள்.

"ஐயா, மூணு மணி நேரம் கழட்டாம இருங்க" என்றாள் நர்ஸ் கார்குழலி. அவர் தன் தோளைத் தடவினார். தேடியது துண்டை. அந்தச் சந்தைத் துண்டை அவள் அப்போதே பையில் கட்டி வெளியே அனுப்பியிருந்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்ச, போனால் போகிறதென்று ஆஸ்பத்திரியின் சலவை செய்த பச்சைத் துணி ஒன்றைக் கொடுத்தாள். அதை அவள் கைமேல் போட்டு, அடியில் கையை விட்டு, அவளுடைய ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டார். பயந்துவிட்டாரோ என்று கார்குழலி பதறிப்போனாள்.

வசந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பேரம் பேசறாரும்மா. நீ மூணு கேட்ட, அவரு ஒண்ணுங்கறாரு. சந்தையில வெல பேசறது இப்படித்தான். புடிக்கிற விரலுதான் கணக்கு. அடுத்தவனுக்குத் தெரியக் கூடாதுன்னு மேல துண்டு."

"அப்ப நான் இன்னா பண்ணணும்?"

"நீ அவரு விரல ரெண்டு புடி."

இரண்டில் முடிந்தது. அன்று முழுக்கத் துணிக்கு அடியில் வியாபாரம் ஜோராக நடந்தது. பேச வாய் வேண்டாம் என்று ஆனதும் மாஸ்க்கைப் பிடுங்குவதும் நின்றது. ஆனால் மனிதர் தொழிலை விடுவாரா? எதைக் கேட்டாலும் பாதியாகக் குறைத்தார். மாஸ்க் இல்லாத ஒவ்வொரு இடைவெளியிலும் ஆக்ஸிஜன் அளவு சரிந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு டாக்டர் வந்து பார்த்தார். "மாஸ்க்க விட்டு விட்டுப் போட்டா பத்தாது" என்றார். குழாய் வைத்த தள்ளுவண்டி கட்டிலருகே வந்து நின்றது.

வசந்தா கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்து, தானே அந்தத் துணிக்குள் கையை விட்டாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவரோடு அவள் பேரம் பேசியதே இல்லை. கிட்னி கேட்டபோதுகூட ஒரே பேச்சில் சரி என்றவள். இப்போது அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். ஐந்து மணி நேரம்.

இரண்டு விரலைப் பிடிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அவளைப் பார்த்தார், தள்ளுவண்டியைப் பார்த்தார். பிறகு அவளுடைய ஐந்து விரல்களையும் பிடித்தார். விட்டார். ஒற்றை விரலைத் தனியாக இன்னொரு முறை பிடித்தார்.

ஆறு. கேட்டதற்கு மேல் அவர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

மூக்குத்தண்டு சிவந்து போக, காற்று முகத்தில் மோத, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். ஒரு தடவைகூடக் கை மேலே போகவில்லை. ஐந்து மணிக்கு டாக்டர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். தள்ளுவண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

ஒரு வாய் தண்ணீருக்காகக் கார்குழலி மாஸ்க்கை எடுத்தாள். குடித்துவிட்டு, கம்மிய குரலில் அவர் சொன்னார்: "வசந்தா, உன் பொருளு பத்திரமா இருக்குது."

"இருக்கட்டும், வாய மூடுங்க" என்று அழுதுகொண்டே வசந்தா மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் வைத்தாள்.